1940 ஆகஸ்ட் ஸ்பிட்ஃபயர்: பசையைத் திறக்குமுன் மாதத்தைத் தீர்மானியுங்கள்

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றை வாங்கி வந்ததும் ஒரு தாளில் ஒரு தேதியை எழுதி வேலை மேஜைக்கு மேலே ஒட்டி வையுங்கள். நீங்கள் செய்யப்போவது எந்த ஆண்டு, எந்த மாதத்து விமானம் என்பதுதான் அந்தத் தேதி. பலருக்கு இது மிகையாகத் தோன்றும். ஆனால் பெயின்ட் மோசமாக அமைந்த ஸ்பிட்ஃபயர் மாடல்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரே விமானத்தில் மே மாதமும் டிசம்பர் மாதமும் கலந்து கிடக்கும் மாடல்கள்தான் ஏராளம். அழகாகத் தெளித்த பெயின்டின் மேல் அந்தக் காலத்தில் இல்லாத பட்டை, இருந்திருக்கவே முடியாத வானொலிக் கம்பி. உழைப்பு முழுக்க இருந்தும் அடிப்படை தவறிப்போகிறது.

ஸ்பிட்ஃபயரின் முதல் வகையான மார்க் 1, 1940 என்ற ஒரே ஆண்டில் எத்தனை முறை தோற்றம் மாறியது என்று பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் இடது இறக்கையின் அடிப்புறம் கருப்பு, வலது இறக்கையின் அடிப்புறம் வெள்ளை. மே மாதம் உடலில் உள்ள வட்டக் குறியை (பிரிட்டிஷ் விமானப்படையின் அடையாளம்) சுற்றி மஞ்சள் வளையம் வந்தது. ஜூன் முதல் வாரத்தில் அடிப்பக்கம் முழுவதும் ‘ஸ்கை’ எனும் வெளிர்பச்சை நிறத்துக்கு மாற வேண்டும் என்று உத்தரவு. ஆகஸ்டில் இறக்கையின் அடியில் வட்டக் குறிகள் திரும்ப வந்தன. நவம்பர் கடைசியில் மூக்குக் கூம்பும் வாலுக்கு முன்னால் 18 அங்குலப் பட்டையும் ஸ்கை நிறம் பெற்றன. இடது இறக்கையின் அடி மறுபடியும் கருப்பாயிற்று. 1941 ஆகஸ்டில் மேற்புறத்துப் பழுப்பே போய்ச் சாம்பல் வந்துவிட்டது. ஆகவே ஸ்கை கூம்பும் ஸ்கை பட்டையும் போட்ட ஒரு மாடலை ‘பிரிட்டன் வான்போர், ஆகஸ்ட் 1940’ என்று பலகை எழுதி வைத்தால் அது பொருந்தாது.

இந்தப் பதிவுக்கு நான் எடுத்துக்கொள்வது 1940 ஆகஸ்ட் பிற்பகுதி, இங்கிலாந்தின் மிடில் வாலப் தளம், ராயல் ஏர் ஃபோர்ஸின் 234ஆம் ஸ்க்வாட்ரன் (விமானப் பிரிவு). நம் வாசகர்களுக்கு இதைப் பரிந்துரைக்க ஒரு காரணம் உண்டு. இந்த ஸ்க்வாட்ரனின் முழுப்பெயரில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்பதும் சேர்ந்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் திரட்டிய போர் நிதியை முன்னிட்டு வைத்த பெயர் அது. 79, 264 ஆகிய ஸ்க்வாட்ரன்களுக்கும் அதே பெயர் உண்டு. ஆனால் அந்தக் கோடையில் 79 ஹரிக்கேனிலும் 264 டிஃபயன்டிலும் பறந்தன. மூன்றில் ஸ்பிட்ஃபயர் வைத்திருந்தது 234 மட்டும். அதன் விமானங்களின் உடலில் எழுதிய அடையாள எழுத்துகள் ஏஇசட். பிரிட்டன் வான்போரில் மிக அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியவர்களில் ஒருவரான பாப் டோ இந்த ஸ்க்வாட்ரனில் எக்ஸ்4036 என்ற எண் கொண்ட ஏஇசட்-டி விமானத்தை ஓட்டினார். அந்த விமானத்துக்கு டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) தேடினால் கிடைக்கும்.

கிட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1/72ல், அதாவது உண்மை அளவில் 72ல் ஒரு பங்கு அளவில், ஏர்ஃபிக்ஸின் புதிய அச்சில் வந்தது விலைக்கு நல்ல கிட். 1/48ல் டமியா, எடுவார்ட் இரண்டுமே அருமை. பொருத்தம் டமியாவில் சுலபம், மேற்பரப்பு நுணுக்கம் எடுவார்டில் அதிகம். பெட்டிப் படத்தை நம்பி வாங்காதீர்கள். பல பத்தாண்டு பழைய அச்சுகள் புதிய படத்தோடு இன்னும் விற்பனைக்கு வருகின்றன. பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் கோடுகள்) பள்ளமாக இல்லாமல் மேடாக நிற்கின்றன என்றால் அது பழைய அச்சு. வாங்கியதும் ஒரு ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்கள்: உண்மை விமானத்தின் இறக்கை நுனியிலிருந்து நுனி 11.23 மீட்டர், நீளம் 9.12 மீட்டர். 1/72ல் அது 156 மி.மீ., 127 மி.மீ. 1/48ல் 234 மி.மீ., 190 மி.மீ.

ஸ்ப்ரூக்களை (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களை) வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பிரைமர் பிடிக்காது. மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து உரிந்து வரும். பாகத்தை வெட்டும்போது ஒட்ட வெட்டாதீர்கள். முதலில் 2 மி.மீ. தள்ளி ஒரு வெட்டு, பிறகு கிட்டத்தில் ஒரு வெட்டு, மிச்சத்துக்கு உப்புத்தாள். ஒரே வெட்டில் முடித்தால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும். கண்ணாடிப் பாகங்களில் விரிசலே ஓடிவிடும்.

காக்பிட் வேலை முதலில். உட்புறம் ராயல் ஏர் ஃபோர்ஸின் சாம்பல்பச்சை; ஹம்ப்ரால் 78 போதும். கருவிப் பலகை கருப்பு. இருக்கையில்தான் தேதி மறுபடி பேசுகிறது: தொடக்ககால விமானங்களில் உலோக இருக்கை, உட்புறப் பச்சையிலேயே இருந்தது. 1940ல் பிசின் ஏற்றிய அட்டையால் செய்த செம்பழுப்பு இருக்கை வந்துவிட்டது. முதுகுத் திண்டு கருப்பு. பெல்ட் வெளிர்காக்கி. கிட்டில் பெல்ட் இல்லையென்றால் மாஸ்கிங் டேப்பை 1/72க்கு 0.7 மி.மீ., 1/48க்கு 1 மி.மீ. அகலத்தில் வெட்டி ஒட்டுங்கள். பழைய விமானங்களைப் புதுப்பித்து வைத்திருக்கும் இடங்களில் எடுத்த படங்களில் கதவின் உட்பக்கம் சிவப்புக் கடப்பாரை ஒன்று தெரியும். 1940 மாடலுக்கு அது வேண்டாம்.

அடிநிறம் காய்ந்ததும் பர்ன்ட் அம்பர் எண்ணெய் வண்ணத்தைத் தின்னரில் தேநீர் நிறத்துக்குக் கரைத்து மூலைகளில் ஓட விடுங்கள். அது உலர்ந்ததும் வெளிர்சாம்பலைக் கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் விளிம்புகளில் மட்டும் தடவுங்கள். 1/72ல் மூடிய கண்ணாடி வழியாகத் தெரிவது இருக்கையின் மேல்பாதி, பெல்ட், கருவிப் பலகையின் விளிம்பு, அவ்வளவுதான். அங்கே நேரத்தைச் செலவிடுங்கள். தரைப்பகுதிக்கு அடிநிறமே போதும்.

உடலின் இரு பாதிகளையும் ஒட்டுமுன் பசையில்லாமல் சேர்த்துப் பார்ப்பது கட்டாயம். காக்பிட் தொட்டியை உள்ளே வைத்ததும் பாதிகள் மூடவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் பெயின்ட்தான். சேரும் முகங்களில் ஏறிய பெயின்ட் இருபுறமும் சேர்ந்து இடைவெளியைக் கொடுத்துவிடும். உடல் அகன்று, பிறகு இறக்கை பொருந்தும் இடத்தில் படி விழும். கத்தி முனையால் அந்தப் பெயின்டைச் சுரண்டி எடுத்தாலே சரியாகும். கை பலத்தால் அழுத்தி மூடிப் பசை போட்டால் ஒரு வாரம் கழித்து இணைப்பு வாய் பிளக்கும்.

பசைக்கு டமியா எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி போட்டது. இணைப்பில் பிரஷ் முனையைத் தொட்டால் போதும், கோடு முழுக்கத் தானே ஓடிவிடும். சில நொடிகள் விட்டு இரு பாதிகளையும் மெல்ல அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் ஒரு நூல் போல மேலே பிதுங்க வேண்டும். அந்த நூல்தான் புட்டிக்கு மாற்று. 24 மணி நேரம் தொடாமல் விட்டு 400, 800, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளை ஈரம் தொட்டுத் தேயுங்கள். அவசரப்பட்டு அன்றே தேய்த்தால் அப்போது வழவழப்பாகத் தெரியும். உள்ளே கரைப்பான் ஆறியதும் பிளாஸ்டிக் சுருங்கி அதே இடத்தில் மெல்லிய பள்ளம் விழும். பெயின்ட் அடித்த பிறகுதான் அது கண்ணில் படும்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்பிட்ஃபயரின் மூக்கு மேல்மூடியும், காக்பிட்டுக்கு முன்னால் உள்ள பெட்ரோல் தொட்டி மூடியும் உண்மையில் ஒற்றைத் தகடுகள். நடுவில் நீளவாக்கில் கோடு கிடையாது. கிட்டின் பாதிகள் சேருவது அங்கேதான். அந்தக் கோடு துளியும் தெரியாதபடி மறைய வேண்டும். தேய்த்ததும் அந்த இடத்தில் மட்டும் சர்ஃபேசர் 1000 எனும் பிரைமரை அடித்து விளக்கை ஒரு பக்கமாக வைத்துச் சாய்வாகப் பாருங்கள். குறுக்கே போகும் பேனல் கோடுகள் தேய்ந்து போயிருந்தால், தடித்த டைமோ லேபிள் டேப்பை வளைத்து ஒட்டி அதன் விளிம்பை ஒட்டி ஊசி முனையால் மீண்டும் கீறுங்கள். அழுத்தாமல் நாலைந்து தடவை; ஒரே அழுத்தில் கீறினால் ஊசி விலகி ஓடும்.

இனி இறக்கை. ஸ்பிட்ஃபயரின் அழகும் சிக்கலும் இங்கேதான். இறக்கைகள் நுனி நோக்கி 6 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். உடலோடு சேரும் இடத்திலிருந்து நுனிக்கு 1/72ல் ஏழரை மி.மீ. அளவும், 1/48ல் 11 மி.மீ. அளவும் உயர வேண்டும். இது குறைந்து தட்டையாகிவிட்டால், என்னவோ தப்பு என்று விமானம் தெரியாதவருக்குக்கூடத் தோன்றிவிடும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பிளவு தெரிந்தால் உடனே புட்டியைத் தேடாதீர்கள். ஒரு நுனியிலிருந்து உடலுக்கு மேலாக மறு நுனிக்கு மாஸ்கிங் டேப்பை இழுத்துக் கட்டுங்கள். நுனிகள் உயரும், பிளவு மூடும். ஒரே இழுப்பில் சாய்வும் பொருத்தமும் சரியாகிவிடும். அந்த நிலையிலேயே சேரும் இடத்தில் பசையை ஓட விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். நேர் முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து இரு நுனிகளும் ஒரே உயரமா, வால் இறக்கை நேர்கோட்டில் இருக்கிறதா, வால் துடுப்பு அதற்குச் செங்குத்தா என்று சரிபாருங்கள்.

மார்க் 1ன் அடிப்பக்கம் இருபுறமும் ஒன்றுபோல் இருக்காது. வலது இறக்கையின் அடியில் பெரிய ரேடியேட்டர் பெட்டி. இடதில் சின்ன உருளை வடிவ ஆயில் கூலர். இரண்டிலும் உள்ளே இருக்கும் வலைமுகங்களை ஒட்டுமுன்பே கறுத்த உலோக நிறத்தில் முடித்துவிடுங்கள், பிறகு பிரஷ் நுழையாது. இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃபிளாப்களை மூடிய நிலையில் ஒட்டுவதையே நான் பரிந்துரைக்கிறேன். ஸ்பிட்ஃபயரின் ஃபிளாப் ஒன்று முழுக்க மேலே, இல்லை முழுக்கக் கீழே, இடைநிலை கிடையாது. தரையில் நிற்கும்போது கீழே தொங்க விட்டு வைப்பது வழக்கமில்லை. அதைத் திறந்து காட்டவென்றே தனித்தகடு வாங்கி ஒட்டும் உழைப்பு வேறிடத்தில் பயன்படும்.

கண்ணாடியை ஒட்டுமுன் தெளிவான அக்ரிலிக் பளபளப்பில் ஒருமுறை முக்கி, காகிதக் கைக்குட்டையின் ஓரத்தில் வடிய விட்டு, தூசு படாமல் ஒரு டப்பாவுக்குள் மூடி ஒரு நாள் காய வையுங்கள். சிறு கீறல்கள் மறைந்துவிடும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை போதும். சூப்பர் பசை வேண்டவே வேண்டாம். அது காயும்போது எழும் ஆவி கண்ணாடியின் உட்புறம் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும், உள்ளே கை விட்டுத் துடைக்க வழியில்லை. மாஸ்க் போடும்போது மெல்லிய டேப்பைச் சட்டத்தின் விளிம்போடு ஒட்டி, நடுப்பகுதியைத் திரவ மாஸ்க்கால் நிரப்புங்கள். முதலில் உட்புறச் சாம்பல்பச்சையைத் தெளித்து, அதன் மேல் வெளிநிறம். அப்போதுதான் உள்ளிருந்து பார்க்கும்போது சட்டம் உட்புற நிறத்தில் தெரியும்.

பெயின்டுக்கு வருவோம். அடுக்கு வரிசையில் ஒரு விதி: லாக்கர் முதலில், அதன் மேல் அக்ரிலிக், அதன் மேல் எனாமல், எண்ணெய் வண்ணம். இது தலைகீழானால் மேலே வரும் லாக்கரின் கரைப்பான் கீழே உள்ள எனாமலைச் சுருக்கி நெளியச் செய்துவிடும். பிரைமராக மிஸ்டர் சர்ஃபேசர் 1200 அல்லது 1500, லாக்கர் தின்னரில் ஒன்றுக்கு ஒன்றரை பங்கு கலந்து இரண்டு மெல்லிய கோட்.

ஏர்பிரஷ் 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 18 பிஎஸ்ஐ, மாடலிலிருந்து 8 முதல் 10 செ.மீ. தூரம். டமியா அக்ரிலிக்கில் பெயின்ட் ஒரு பங்கு, தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரவென்று வந்தால் துளிகள் போகும் வழியிலேயே காய்கின்றன என்று பொருள்: அழுத்தத்தைக் குறையுங்கள், கிட்டப் போங்கள், தின்னரைக் கூட்டுங்கள். பெயின்ட் சிலந்திக் கால் மாதிரி நாலாபுறமும் ஓடினால் நேர் எதிர்: மிகவும் நீர்த்துவிட்டது, அல்லது ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். கையால் பூசுபவர்கள் வயெஹோ போன்ற நீர்சார்ந்த பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, தட்டைப் பிரஷ்ஷால் மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காக. பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் போகக் கூடாது, கிழித்துக்கொண்டு வரும்.

வெளிர்நிறம் முதலில். அடிப்பக்கத்துக்கு ஸ்கை: டமியா எக்ஸ்எஃப்-21, அல்லது மிஸ்டர் ஹாபி எச்74. டமியாவின் ஸ்கை என் கண்ணுக்குப் பச்சை தூக்கல். பத்தில் ஒரு பங்கு வெள்ளை சேர்த்தால் நன்றாக இருக்கிறது. 1940 கோடையில் ஸ்கை பெயின்ட் போதிய அளவு கிடைக்காமல், தளங்களில் கையில் இருந்ததைக் கலந்து வெளிர்நீலம், வெளிர்பச்சை என்று பல சாயல்களில் அடித்தார்கள். அதனால் உங்கள் ஸ்கை பக்கத்து மேஜைக்காரரின் ஸ்கையோடு ஒத்துப்போகவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

பிறகு மேற்புறம் முழுக்க டார்க் எர்த்: டமியா எக்ஸ்எஃப்-52, ஹம்ப்ரால் 29 அல்லது மிஸ்டர் ஹாபி எச்72. அதன் மேல் டார்க் கிரீன்: டமியா எக்ஸ்எஃப்-81 அல்லது மிஸ்டர் ஹாபி எச்73. உருமறைப்புக் கோலத்துக்கு ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். தொடர் எண் இரட்டைப்படையானால் ‘ஏ’, ஒற்றைப்படையானால் ‘பி’ என்பது அக்கால வழக்கம். எக்ஸ்4036 இரட்டைப்படை, எனவே ‘ஏ’. வேறு டிகாலுக்கு மாறினால் கிட்டின் வரைபடத்தை அப்படியே பின்பற்றாமல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரு நிறங்களுக்கும் இடையிலான விளிம்பில்தான் பலர் ஏர்பிரஷ்ஷின் சுகத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள். உண்மை விமானத்தில் அந்த மங்கல் ஓரிரு அங்குலம்தான். ஓர் அங்குலம் 1/72ல் 0.35 மி.மீ., 1/48ல் 0.5 மி.மீ. 1/72ல் கையால் விட்டு விட்டுத் தெளித்த 3 மி.மீ. பனிமூட்டம் உண்மை விமானத்தில் எட்டு அங்குலத்துக்கும் மேல் என்று ஆகிவிடும். ஆகவே வெள்ளை ஒட்டுக்களியை 3 மி.மீ. தடிமனில் கயிறாக உருட்டி, கோலத்தின் எல்லையில் வைத்து, இடைவெளியை டேப்பால் மூடுங்கள். ஏர்பிரஷ் மேற்பரப்புக்குச் செங்குத்தாக இருக்கட்டும். சாய்த்துப் பிடித்தால் களியின் அடியில் பெயின்ட் புகுந்து ஒரு பக்கம் மங்கலாகவும் மறு பக்கம் கூர்மையாகவும் வரும். இறக்கையின் முன்விளிம்பு வளைவிலும் மூக்கின் பக்கங்களிலும் இந்தத் தவறு அதிகம் நடக்கும், ஏனென்றால் அங்கே கோணம் நமக்குத் தெரியாமலே மாறுகிறது. களியை அன்றே எடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் இரண்டு நாள் விட்டால் எண்ணெய்க் கறை படியும்.

நிறங்கள் ஒரே சீராகத் தட்டையாக இருந்தால் பொம்மை போலிருக்கும். பேனல் கோடுகள் எல்லாவற்றையும் அடியில் கறுப்பாக்கிவிட்டு மேலே நிறம் தெளிக்கும் முறை இப்போது பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. விமானம் முழுக்கச் சதுரம் சதுரமாகக் கட்டம் விழுகிறது. அதைவிட அதே டார்க் எர்த்தில் கொஞ்சம் வெள்ளையோ மணல்நிறமோ சேர்த்து, நன்றாக நீர்த்து, பேனலின் நடுவில் ஒழுங்கில்லாமல் அங்கங்கே தெளியுங்கள். வித்தியாசம் உற்றுப் பார்த்தால்தான் தெரிய வேண்டும்.

டிகாலுக்கு முன் பளபளப்புக் கோட் கட்டாயம். மேட் பரப்பு நுண்ணோக்கியில் மேடு பள்ளமாக இருக்கும். டிகாலுக்கு அடியில் அந்தப் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொண்டு வெள்ளி மாதிரி மின்னும். டமியாவின் எக்ஸ்-22 தெளிவான பளபளப்பை லாக்கர் தின்னரில் கலந்து இரண்டு கோட் அடித்து ஒரு நாள் விடுங்கள். டிகாலை வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நொடி வைத்து எடுத்து, தாளின் மேலேயே ஒரு நிமிடம் விட்டால் வழுகும். அடியில் செட்டர் (டிகாலை ஒட்ட வைக்கும் திரவம்), மேலே சாஃப்டர் (டிகாலை மென்மையாக்கும் திரவம்). சாஃப்டர் பட்டதும் டிகால் சுருக்கம் சுருக்கமாக நெளியும். அந்த நேரத்தில் விரல் வைத்தால் கிழிந்துவிடும். அரை மணி நேரத்தில் தானே பேனல் கோட்டுக்குள் படிந்துவிடும். காற்றுக் குமிழி மிஞ்சினால் ஊசியால் குத்தி மேலும் ஒரு சொட்டு.

அளவுகளையும் சரிபாருங்கள், டிகால் தயாரிப்பாளர்களும் தவறுவதுண்டு. உடலில் மஞ்சள் வளையத்தோடு கூடிய வட்டக் குறி 35 அங்குலம், 1/72ல் 12.3 மி.மீ., 1/48ல் 18.5 மி.மீ. இறக்கையின் மேல் சிவப்பும் நீலமும் மட்டும், 56 அங்குலம்; 19.8 மி.மீ., 29.6 மி.மீ. மேலே வெள்ளை வளையம் வராது. வால் துடுப்பின் மூவர்ணப் பட்டையில் சிவப்பு முன்பக்கம், இரு பக்கமும் அப்படியே. ஏஇசட் எழுத்துகள் மீடியம் சீ கிரே.

இனி அழுக்கும் தேய்மானமும். அந்தக் கோடையில் பல ஸ்பிட்ஃபயர்கள் சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை. வருடக்கணக்கில் பாலைவனத்தில் கிடந்த விமானம் மாதிரி உரித்துக் காட்டுவது பொருந்தாது. எங்கே தேயும் என்பதற்குக் காரணம் இருக்க வேண்டும். காக்பிட் கதவு இடது பக்கம் மட்டும்தான். விமானி ஏறுவதும் மெக்கானிக் நின்று பெல்ட் மாட்டி விடுவதும் இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேற்பரப்பில். அங்கே உலோகம் தெரியலாம். மூக்கு மூடியின் திருகுகளைச் சுற்றி, துப்பாக்கிக் குண்டு நிரப்பும் மூடிகளின் விளிம்பில், பெட்ரோல் ஊற்றும் வாயைச் சுற்றி. ஒரு துண்டு ஸ்பான்ஜில் வெள்ளியைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் மாடலில் ஒற்றுங்கள். மார்க் 1ல் ஏலிரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பாகம்), எலிவேட்டர் (வால் இறக்கையில் அசையும் பாகம்), வால் சுக்கான் மூன்றுக்கும் துணிதான் போர்த்தியிருந்தது. துணியில் வெள்ளி உரியாது. அந்த மூன்றிலும் வெள்ளிப் புள்ளி வைத்திருப்பதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

துப்பாக்கி வாய்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எட்டு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகள், .303 அங்குலம், இறக்கைக்கு நான்கு. பறக்கும் உயரத்தில் குளிரும் ஈரமும் புகுந்து துப்பாக்கி உறைந்துவிடாமல் இருக்க, குண்டு நிரப்பிய பின் வாய்களின் மேல் சிவப்புத் துணிப் பட்டையை ஒட்டுவார்கள். முதல் தோட்டா அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அதனால் பட்டை முழுசாக இருந்தால் விமானம் சுடவில்லை, இறக்கையின் அடியில் புதிய புகைக்கறை இருக்கக் கூடாது. கறை வேண்டுமென்றால் பட்டையின் நடுவில் கிழிசலும் கறுத்த ஓரமும் வேண்டும். இறக்கையின் அடியில் தோட்டா உறைகள் விழும் துளைகளிலிருந்து பின்னோக்கி, நீர்த்த கரும்பழுப்பை மெல்லிய கோடாக ஓட்டுங்கள். 1/72ல் பட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் வரும். சிவப்பு அடித்த டிகால் தாளை வெட்டி ஒட்டுவது பிரஷ்ஷைவிடச் சுத்தம்.

பேனல் கோடுகளில் ஓட விடும் நீர்த்த வண்ணமான வாஷுக்குக் கருப்பு வேண்டாம், கரும்பழுப்பு. உபரியைத் துடைக்கும்போது காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னுக்கு இழுங்கள். புகைக்குழாய்க் கறை உடலின் பக்கவாட்டில், இறக்கை சேரும் இடத்துக்கு மேலாகப் பின்னோக்கிப் போகும். முதலில் நன்கு நீர்த்த கரும்பழுப்பு அகலமாக, அதன் நடுவில் வெளிர்சாம்பல்பழுப்பு ஒடுக்கமாக. ஒரே கருப்பாக அடித்தால் தீப்பிடித்த மாதிரி ஆகிவிடும்.

கடைசியில் மேட் கோட். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் இதைத் தள்ளிப்போடுங்கள். லாக்கர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும். மாடல் முழுக்க வெண்படலம் போர்த்திக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம். காய்ந்த நாளில் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லத் தெளித்தால் படலம் கரைந்து தெளியும்.

சக்கரக் கால்களைப் பொருத்தும்போது முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து இரண்டையும் ஒரே கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். கால்கள் கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், அடிப்பக்கம் சற்று விரிந்திருக்கும். டயரின் அடியை உப்புத்தாளில் ஓரிரு தடவை இழுத்துத் தட்டையாக்கினால் எடை இறங்கியது தெரியும். மூக்குக் கூம்பு கருப்பு. புரொபெல்லர் பிளேடுகள் மேட் கருப்பு, நுனியில் 4 அங்குல மஞ்சள், அதாவது 1/72ல் 1.4 மி.மீ. மஞ்சளுக்கு அடியில் வெள்ளை ஒரு கோட் கொடுக்காவிட்டால் கருப்பு மேலே தெரியும். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் மெர்லின் எஞ்சின் புரொபெல்லரைக் கடிகார முள் திசையில் சுற்றும். பிளேடின் முறுக்கு அதற்கு ஏற்றபடி இருக்கிறதா என்று ஒட்டுமுன் பாருங்கள்.

வானொலிக் கம்பிக்கு, பழைய எச்.எஃப். வானொலி உள்ள விமானத்தில் காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள கம்பத்திலிருந்து வால் சுக்கானின் மேல்முனைக்கு ஒரு கம்பி ஓடும். வி.எச்.எஃப். வானொலி படிப்படியாக வந்ததும் அந்தக் கம்பி போய்விட்டது, கம்பம் மட்டும் நின்றது. தேர்ந்த விமானத்தின் புகைப்படம் கிடைத்தால் அதன்படி செய்யுங்கள். கம்பிக்கு இழுபடும் மெல்லிய ரப்பர் நூல் நல்லது. ஸ்ப்ரூவை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்த நூல் கை பட்டதும் அறுந்துவிடும். ஒரு முனையைச் சூப்பர் பசையால் ஒட்டி முழுக்கக் காய்ந்த பிறகே மறுமுனையை இழுத்து ஒட்டுங்கள். இடது இறக்கையின் அடியில், காற்றுவேகம் அளக்கும் பிட்டோ குழாயை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். அதற்கு முன் வைத்தால் முதலில் உடைவது அதுதான். கண்ணாடி மாஸ்க்கைப் பல்குத்தும் குச்சியின் முனையால் மூலையிலிருந்து கிளப்பி எடுங்கள், உலோக முனை வேண்டாம். பசைக்கறை மிஞ்சினால் தின்னர் எதுவும் தொடாமல், ஈரம் தொட்ட காதுக்குச்சியால் துடைத்தாலே போதும்.